ஆலமரத்தடியில் பேசித் தீர்த்த காலம்

தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். வழி தெரியாதவர் உதவி கேட்கும் இடம் ஒத்தாசைப் பக்கம். எழுதிப் பழக மணல்தொட்டி. நெடுங்காலமாக நான் அங்கே போய்வருகிறேன். இப்போதும் அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்து, யார் எந்தக் கட்டுரையில் கைவைத்திருக்கிறார்கள் என்று பார்க்காத வாரம் இல்லை. ஆனால் நான் தேடிப் போவது இன்னொரு காலத்தை. ஒரு கட்டுரைக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும், ரொறன்ரோவிலிருந்து ஒருவரும், கோயம்புத்தூரிலிருந்து ஒருவரும் மாறி மாறி எழுதுவார்கள். நாலைந்து நாள் போகும். யாரும் யாரையும் அவசரப்படுத்த மாட்டார்கள். கடைசியில் ஒரு முடிவு வரும். அதில் முழு உடன்பாடு இல்லாதவரும் மறுநாள் வந்து அதே கட்டுரையில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருப்பார்.

2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அப்போது கணினியில் தமிழ் எழுதுவதே ஒரு பாடு. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றம். ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒருங்குறி அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, விசைகளைப் பழகி, உலாவியைச் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் ஒரு வரி எழுத முடியும். அந்தக் காலத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் வந்து சேர்ந்தார். தனியாளாகக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதிக்கொண்டு போனார். பின்னால் வந்தவர்களுக்கு எழுத ஒரு வீடு இருந்ததற்கு அவர் காரணம். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தபோது, அது எங்கள் எல்லோருக்கும் கிடைத்ததுபோல் மகிழ்ந்தோம்.

வருகிறவர்கள் குறைவாக இருந்ததால் ஒவ்வொருவரும் கண்ணில் பட்டார்கள். ஓர் ஆசிரியர் தன் ஊர்க் கோயிலைப் பற்றி எழுதுவார். “எங்கள் ஊரில்” என்று தொடங்கும். சான்று ஒன்றும் இருக்காது. தேர்த்திருவிழாவைப் பற்றிச் சொல்லும்போது பெருமை பொங்கி வழியும். அப்படி ஒரு கட்டுரை வந்தால், பழையவர்களில் ஒருவர் அவருடைய பேச்சுப் பக்கத்துக்குப் போய், ஐயா வணக்கம், வருக என்று தொடங்குவார். கோயிலின் தல வரலாற்று நூல் கிடைக்குமா, அறநிலையத்துறை வெளியீடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். அதற்குள் இன்னொருவர் கட்டுரையைத் துப்புரவாக்கி, ஊர்ப் பெயருக்கு இணைப்புக் கொடுத்து, பகுப்பில் சேர்த்திருப்பார். ஆசிரியர் திரும்பி வந்து பார்க்கும்போது தன் எழுத்து அங்கே இருக்கும், முன்பைவிடச் சீராக. அடுத்த வாரம் அவர் பக்கத்து ஊர் ஏரியைப் பற்றி எழுதுவார். அந்தச் சமூகம் வளர்ந்தது இந்த வழியில்தான்.

தகராறுகள் இல்லாமல் இல்லை. ஈழத்தவர் பௌதிகவியல் என்றும் இரசாயனவியல் என்றும் படித்து வந்தவர்கள். தமிழகத்தார் இயற்பியல், வேதியியல் என்று படித்தவர்கள். கிரந்த எழுத்துகளை எந்த அளவு ஏற்பது என்பதில் கடும் வாதம் நடந்தது. சிலருக்கு மனக்கசப்பும் உண்டாயிற்று. இவற்றுக்கு அங்கே கண்டுபிடித்த தீர்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது மிக எளிமையானது. ஒரு பெயரைத் தலைப்பாக வைத்துவிட்டு, மற்றப் பெயரிலிருந்து ஒரு வழிமாற்று போட்டுவிடுவார்கள். எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே கட்டுரைக்கு வந்து சேரலாம். கட்டுரையின் முதல் வரியிலேயே இரண்டு பெயரும் இருக்கும். தோற்றவர் என்று யாரும் வெளியேற வேண்டியதில்லை. ஒரு மென்பொருள் வசதிதான் அது. அதை இப்படிப் பயன்படுத்தலாம் என்று யோசித்தவர்களின் மனப்பாங்கை நான் நிர்வாகத்திறன் என்றே சொல்வேன்.

நிர்வாகி என்ற பொறுப்பும் அங்கே உண்டு. பக்கத்தை நீக்கலாம், பூட்டலாம், தொல்லை கொடுக்கும் பயனரைத் தடைசெய்யலாம். அவ்வளவுதான். 2003இலேயே, விக்கிப்பீடியாவின் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், நிர்வாகி ஆவதைப் பெரிய காரியமாக நினைக்க வேண்டாம் என்று எழுதினார். ஆங்கில விக்கிப்பீடியர்கள் அந்தப் பொறுப்புக்குத் துடைப்பத்தையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள். உள்ளடக்கத்தைப் பற்றிய பேச்சில் நிர்வாகியின் சொல்லுக்கும் நேற்று வந்தவரின் சொல்லுக்கும் ஒரே எடை. நான் விரும்பிச் சேர்ந்த இடம் இந்தத் துடைப்பக்காரர்களின் இடம்.

அந்தக் காலத்தின் பலம் தெரிந்தது 2009, 2010இல். கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் கருவியின் உதவியோடு ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழிகளுக்கும் வேறு சில மொழிகளுக்கும் கொண்டுவரத் தொடங்கியது. தமிழிலும் நீள நீளமான கட்டுரைகள் வந்து விழுந்தன. வாக்கியங்கள் ஆங்கிலத்தின் எலும்போடு இருந்தன. தமிழ் வாசகர் தேடி வரக்கூடிய தலைப்புகளும் குறைவு. எல்லாவற்றையும்விட வருத்தம் தந்தது, எழுதியவர்கள் பேச்சுப் பக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் திரும்பி வராதது. எழுத்து வந்தது, ஆள் வரவில்லை. வங்காள விக்கிப்பீடியா அத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்தது. தமிழில் பேச்சு நடந்தது. என்னென்ன பிழைகள் வருகின்றன, எந்தத் தலைப்புகள் தேவை, ஏற்கெனவே இருக்கிற கட்டுரைகளை என்ன செய்வது என்றெல்லாம் தன்னார்வலர்கள் எழுதி வைத்து, அந்தப் பெரிய நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இந்த அனுபவம் முன்வைக்கப்பட்டது. சம்பளம் வாங்காத ஒரு சிறு கூட்டம், உலகின் பெருநிறுவனம் ஒன்றிடம் எங்கள் வீட்டுக்குள் வருவதென்றால் எங்களிடம் கேட்டு வாருங்கள் என்று சொன்னது. எனக்கு அது இன்றும் பெருமை.

இந்தப் பெருமைக்குப் பக்கத்தில்தான் என் கவலையும் இருக்கிறது. அது தமிழோடு மட்டும் நிற்பது இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதும் பயனர்கள் 2007இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். 2013இல் முப்பதாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தார்கள். அதைப் பற்றி அந்த ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று, சலிப்பையோ நேரமின்மையையோ முதல் காரணமாகச் சொல்லவில்லை. நாசவேலையைத் தடுப்பதற்காகக் கொண்டுவந்த தானியங்கிக் கருவிகளும், கூடிக்கொண்டே போன விதிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்துத் துரத்தின என்றது. முதல் தொகுப்பு சில நிமிடத்தில் மீளமைக்கப்படுகிறது. பேச்சுப் பக்கத்தில், முன்பே எழுதி வைத்த வார்ப்புரு ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. அதில் விதியின் பெயர் இருக்கும், மனிதர் பெயர் இருக்காது. மேலே சொன்ன ஆசிரியர் அப்படிப்பட்ட இடத்தில் ஏரியைப் பற்றி எழுத வருவாரா?

கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளம்பரமும் வசையும் நாள்தோறும் வந்து கொட்டுகிற இடத்தில் அவை இல்லாமல் முடியாது. ஆனால் கருவி முடிவெடுக்கத் தொடங்கியதும் பேசுகிற பழக்கம் போய்விடுகிறது. பேச்சு போன இடத்தில் நிர்வாகம் ஒரு சிறு வட்டத்துக்குள் சுருங்குகிறது. ஆங்கிலத்தில் 2007இல் நானூறுக்கும் மேற்பட்டோர் நிர்வாகிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2018இல் பத்துப் பேர். அந்தத் தேர்வே ஒரு வாரக் குறுக்கு விசாரணையாகிவிட்டது. நல்லவர்கள் அந்தப் பக்கம் தலைவைக்க அஞ்சுகிறார்கள். பெரிய காரியமில்லை என்று தொடங்கிய ஒன்று எப்படி இவ்வளவு பெரிய காரியமாயிற்று என்று பல இரவு யோசித்திருக்கிறேன்.

பெரிய மொழிக்கு இது களைப்பு. சிறிய விக்கிகளுக்கு உயிராபத்து. குரோவாசிய விக்கிப்பீடியாவில் ஒரு சிறு நிர்வாகிக் குழு ஏறத்தாழ பத்தாண்டு பிடியை விடவில்லை. வரலாற்றுக் கட்டுரைகளைத் தங்கள் அரசியலுக்கு வளைத்தார்கள். மறுத்துப் பேசியவர்களைத் தடைசெய்தார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஏற்பாடு செய்த ஆய்வறிக்கை 2021இல்தான் வந்தது. இசுகாட்டு மொழி விக்கியில் நடந்தது வேறு விதம். அமெரிக்கச் சிறுவன் ஒருவன், அந்த மொழி தெரியாமலேயே, பன்னிரண்டு வயதில் தொடங்கிப் பல்லாயிரம் கட்டுரைகளை எழுதி நிர்வாகியும் ஆகியிருந்தான். 2020இல் வெளியே தெரிந்தபோது ஊரெல்லாம் அவனைத் திட்டியது. எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அவன் ஆசையோடு வந்தவன். இத்தனை ஆண்டுகளில் அவன் பேச்சுப் பக்கத்துக்கு ஒருவர் போய், தம்பி, இது நம் பேச்சு இல்லையே, வா சேர்ந்து திருத்தலாம் என்று பொறுமையாக உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த விக்கியின் கதை வேறாகியிருக்கும். கட்டுரைகள் கூடிக்கொண்டே போயின. பார்க்க ஆள் போதவில்லை.

கட்டுரை எண்ணிக்கை நமக்கும் போதை தருவதுதான். 2017 மே மாதம் தமிழ் விக்கிப்பீடியா ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தொட்டது. நானும் மகிழ்ந்தேன். பிறகு போட்டிகள், பரிசுகள், போட்டியில் இந்திய மொழிகளுக்குள் முதலிடம். அவற்றால் புதியவர்கள் வந்தார்கள், நல்ல கட்டுரைகள் பிறந்தன. அதை மறைக்க மாட்டேன். ஆனால் போட்டி முடிந்த மறுமாதம் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பதைத்தான் நிர்வாகம் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. இப்போது மொழிபெயர்ப்புக் கருவி ஒரு சொடுக்கில் முழுப் பத்தியைத் தருகிறது. செயற்கை நுண்ணறிவு முழுக் கட்டுரையையே தருகிறது. கூகுள் காலத்தில் குறைந்தபட்சம் பேசுவதற்கு எதிரில் ஒரு நிறுவனம் இருந்தது. இன்று ஒவ்வொரு பயனர் கையிலும் அதே எந்திரம் இருக்கும்போது யாரோடு உட்கார்ந்து பேசுவது? அந்தப் பயனரோடுதான். ஒவ்வொருவரோடும், தனித்தனியாக. அதற்கு ஆள் வேண்டும், பொழுது வேண்டும்.

பழைய முதற்பக்கத்தில் ஒரு பகுதி இருந்தது, பங்களிப்பாளர் அறிமுகம். படமும் நாலைந்து வரியும். இவர் இன்ன ஊர்க்காரர், இன்ன தொழில், இன்னின்ன கட்டுரைகளில் ஆர்வம் உள்ளவர் என்று இருக்கும். கலைக்களஞ்சியத்தின் வாசலிலேயே அதை எழுதுகிறவர்களின் முகம். புதிதாகப் படிக்க வந்தவருக்கு, நம்மைப் போன்ற ஒருவர்தான் இதை எழுதுகிறார், நாமும் எழுதலாம் என்று தோன்றும். அந்தப் பகுதிக்காகக் காத்திருந்து படித்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

நான் கேட்பது சில எளிய காரியங்கள். நீக்கல் அறிவிப்பு வைக்கிறவர், வார்ப்புருவுக்குக் கீழே தன் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுத வேண்டும். நிர்வாகப் பொறுப்பு காலவரையற்றதாக இருக்கக் கூடாது. சில ஆண்டுக்கு ஒருமுறை சமூகத்தின் முன் வந்து நின்று மறுபடி ஒப்புதல் பெற வேண்டும். செருமானிய விக்கிப்பீடியாவில் நிர்வாகியை மறுதேர்தலுக்கு அழைக்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆங்கிலத்தில் புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க, 2024 அக்டோபரில் குறுக்கு விசாரணையைக் குறைத்து இரகசிய வாக்கெடுப்பில் தேர்தல் நடத்திப் பார்த்தார்கள், பதினொருவர் தேர்வானார்கள். பத்துப் பேருக்காக ஓராண்டு முழுக்கக் காத்திருந்த அந்த இடத்தில், ஒரே தேர்தலில் பதினொருவர். அவர்களுடைய பயனர் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன்.