படலைக்கு வெளியே

பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைகளில் என் நெற்றி மட்டும் வெறுமையாக இருக்கும். மற்றப் பிள்ளைகள் திருநீறும் சந்தனமுமாக வருவார்கள். "நீங்க வேதமா?" என்று புதிதாகச் சேர்ந்தவள் கேட்டால், ஓம் என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். கிறிஸ்தவம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1814இல் மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய ஊர் மட்டக்களப்பு. விபுலாநந்த அடிகளே புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். நத்தாருக்கு நாங்கள் கேக் கொடுத்தால், பொங்கலுக்கு அடுத்த வீட்டிலிருந்து புக்கை வரும். நெற்றி, பெயர், ஞாயிறு காலைப் பூசை. எங்களைப் பிரித்துக் காட்டுவது இவ்வளவுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

அம்மாவின் கணக்கு வேறு. அவர் யூஜின் ஹெபியர் அடிகளாரைச் சொல்வார். அமெரிக்கர், இயேசு சபைத் துறவி, மிக்கேல் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் படுகொலை. பழிக்குப் பழியாகத் தமிழர்களும் செத்தார்கள். யாரும் வீதியில் இறங்கப் பயந்த அந்த நாட்களில், ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில், அவர் ஒரு தமிழ் இளைஞனோடு வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. "ஊருக்குப் போயிருக்கலாமே மகள், ஆர் கேட்டிருப்பா?" என்பார் அம்மா. அவரைப் போலவே 1948இல் இங்கு வந்த ஹரி மில்லர் அடிகளார், காணாமல் போனவர்களின் விபரங்களைச் சேர்த்து வைத்தார். பெயரை வாயால் சொல்லவே பயந்த காலத்தில் அதை எழுத்தில் வைப்பது எவ்வளவு துணிச்சல் என்பது அன்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிற்றுப் பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரம். முதுகுப் பையோடு வந்தவனை உள்ளே போக விடாமல் ஒருவர் மறித்தார். குண்டு வெளியே வெடித்தது. மறித்தவரும் இறந்தார், பிள்ளைகள் பலரும் இறந்தார்கள். கொண்டு வந்தவன் காத்தான்குடிக்காரன் என்று தெரிந்ததும் ஊர் இறுகிப்போனது. முஸ்லிம் கடைக்குப் போகக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் போகவில்லை. நானும்தான்.

எங்கள் தெருவுக்குக் காத்தான்குடியிலிருந்து துணி மூட்டையோடு ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார். காக்கா என்றுதான் கூப்பிடுவோம். என் முதல் நன்மை வெள்ளைச் சட்டைக்கும் அவரிடம்தான் துணி எடுத்தது. குண்டு வெடித்த பிறகு இரண்டு மாதம் அவரைக் காணவில்லை. பிறகு ஒருநாள் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். மணிகூட அடிக்கவில்லை.

"ஏன் காக்கா அங்கயே நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க" என்றார் அம்மா.

"வேணாம் டீச்சர். ஆக்கள் பாக்காங்க."

"பாத்தாப் பாக்கட்டும்."

அம்மா படலையைத் திறந்து, அவர் வழக்கமாக இருக்கும் கதிரையை விறாந்தையில் எடுத்துப் போட்டார். பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார். இரண்டு தலையணை உறைத் துணி எடுத்தார். விலை பேசினார், எப்போதும் பேசுவதுபோலவே கறாராக. அந்தப் பேரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இரக்கப்பட்டுக் கேட்ட விலையைக் கொடுத்திருந்தால் அவர் மனம் எவ்வளவு நொந்திருக்கும்.

நான் வெளியே வரவில்லை. எதிர் வீட்டு யன்னலில் ஆள் நிற்பது தெரிந்தது. அவர்களும் எங்கள் பங்குதான். கூட்டத்தோடு போகாதே, தனித்து நில் என்று பிரசங்கங்களில் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கூட்டம் என்பது கோயிலுக்கு வெளியே இருப்பவர்கள் என்றே எண்ணியிருந்தேன். அன்று அந்தக் கூட்டம் என்னோடு ஒரே வாங்கில் இருந்து பூசை காண்பவர்கள். நானும் அதில் ஒருத்தி.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் அம்மாவிடம் நேரே கேட்டார், செத்த பிள்ளைகளை நினைக்கவில்லையா என்று. "நினைச்சுத்தான் கூப்பிட்டனான்" என்றார் அம்மா. அம்மாவின் கண் கலங்கியிருந்தது. வீடு வரும்வரை நாங்கள் பேசவில்லை.

அடுத்த மாதம் காக்காவின் சைக்கிள் மணி கேட்டது. அம்மா குசினியில் நின்றார். நான் எழுந்து போய்ப் படலையைத் திறந்தேன்.