லேசர் அணைந்த பின்னும் ஏறிய கோடு

மும்பையில் ஜூலை மாதம். ஓர் ஆய்வகத்தின் மொட்டைமாடியில், பிளாஸ்டிக் பெட்டி ஒன்றினுள் அவளுடைய தூசு உணரி மூன்று வாரங்களாக இயங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு லேசர்க் கதிரின் குறுக்கே காற்று செல்லும். நுண்துகள்கள் சிதறடிக்கும் ஒளியைப் பக்கவாட்டில் அமர்ந்த பிபிடபிள்யூ34 ஃபோட்டோடையோடு பெற்றுக்கொள்ளும். கிடைப்பது ஏறத்தாழ 1 நானோ ஆம்பியர் மின்னோட்டம். 100 மெகாஓம் பின்னூட்டத் தடை கொண்ட டிரான்ஸ்இம்பீடன்ஸ் பெருக்கி அதனை 100 மில்லிவோல்ட்டாக மாற்றித் தரும்.

ஒவ்வோர் இரவும் அந்தக் கோடு 20 மில்லிவோல்ட் ஏறியது; விடிந்தபின் இறங்கியது. ஈரப்பதத்தின் வரைபடத்தை அதன்மேல் வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின. இதற்கு அழகான விளக்கமும் இருந்தது: உப்புத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், பருத்த துகள் மிகுதியான ஒளியைச் சிதறடிக்கும். இது உண்மையான இயற்பியல். அதனால்தான் அவள் ஏமாந்தாள் எனலாம். பொய்யான தரவுக்கு மெய்யான விளக்கம் கிடைத்துவிடுவதைப் போன்ற ஆபத்து ஆய்வில் வேறில்லை. கருத்தரங்கு ஒன்றுக்குச் சுருக்கம் அனுப்பப்பட்டு, ஏற்கவும் பட்டுவிட்டது.

ஒருநாள் காலை, ஆய்வகத்தில் எல்லோரும் காகா என்றழைக்கும் மூத்த தொழில்நுட்பப் பணியாளர் மாடியிலிருந்து இறங்கிவந்து, லேசரின் இணைப்பு கழன்று கிடந்ததாகக் கூறினார். இரவு முழுவதும் லேசர் எரியவில்லை. அவள் கணினியைத் திறந்தாள். 100 மில்லிவோல்ட் அளவிலான சமிக்ஞை காணாமற்போயிருந்தது. நள்ளிரவு ஏற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

டையோடின் இருள் மின்னோட்டம்தான் காரணமோ என்று முதலில் ஐயுற்றாள். ஆனால் அது வெப்பத்தோடு ஏறுவது. சுமார் 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாவது. இரவில் குளிர்ந்தால் குறைந்திருக்க வேண்டும். எஞ்சியது சுற்றுப்பலகையின் மேற்பரப்பு. டையோடின் ஒரு முனைக்கு எதிர்ச்சார்பாக 12 வோல்ட் கொடுத்திருந்தாள். அந்தத் தடம் பெருக்கியின் உள்ளீட்டு முனைக்கு அருகிலேயே சென்றது. இரண்டுக்கும் நடுவே, துடைக்கப்படாத ஃபிளக்ஸ் பிசின். ஈரம் படிந்த பிசின் 60 கிகாஓம் தடையாக நின்றாலும் 200 பிகோ ஆம்பியர் கசியும். 100 மெகாஓமில் அது சரியாக 20 மில்லிவோல்ட். கசிவு பாயும் திசையும் ஒளி மின்னோட்டத்தின் திசையே என்பதால் இரண்டையும் வேறுபடுத்தப் பெருக்கிக்கு வழியில்லை.

அந்த 12 வோல்ட் எதற்கு? வேறொரு சுற்றிலிருந்து அப்படியே எடுத்தது. எதிர்ச்சார்பு கொடுத்தால் பிபிடபிள்யூ34இன் மின்தேக்கம் 70 பிகோஃபாரடிலிருந்து 3 வோல்ட்டிலேயே 25 பிகோஃபாரடாகக் குறையும், வேகம் கூடும். நொடிக்கு ஒருமுறை அளவெடுக்கும் தூசு உணரிக்கு அந்த வேகம் தேவையே இல்லை. பின்னூட்டத்தில் இருந்த 1 பிகோஃபாரட் மின்தேக்கியே அலைவரிசையை 1.6 கிலோஹெர்ட்சில் நிறுத்திவிட்டிருந்தது.

புதிய பலகையில் எதிர்ச்சார்பு இல்லை. டையோடின் இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ மின்னழுத்தமே இல்லாததால் இருள் மின்னோட்டமும் அடங்கிற்று. உள்ளீட்டு முனையைச் சுற்றி, அதே மின்னழுத்தத்தில் நிற்கும் காவல் வளையம் ஒன்றை அமைத்து, அதன்மேல் இருந்த பச்சைப் பூச்சையும் நீக்கினாள். எங்கிருந்து கசிந்தாலும் அது வளையத்தில் வடிந்துவிடும். பெருக்கியின் உள்ளீட்டுக் காலை வளைத்து உயர்த்தி, இணைப்பைக் காற்றிலேயே பற்றவைத்தார் காகா. பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இருமுறை கழுவல், காய்ச்சி வடித்த நீர், உலர்த்தும் அடுப்பு.

பாதுகாப்பு எஞ்சியிருந்தது. முந்தைய பலகையில் திருப்புளி நழுவி 12 வோல்ட் நேரே உள்ளீட்டில் பாய, ஒரு பெருக்கி மாண்டிருந்தது. அந்த அழுத்தம் இப்போது இல்லையெனினும், விரல் நுனியின் நிலைமின்சாரமே போதும். அதனால் தாக்குண்ட பெருக்கி உடனே சாவதில்லை; கசிவு கூடிய உள்ளீட்டோடு ஊனமாக வாழ்ந்து மேலும் பல மாதத் தரவைக் கெடுக்கும். ஆகவே உள்ளீட்டுக் காலுக்கு முன் 10 கிலோஓம் தடையும், முனைக்கும் நிலத்துக்கும் இடையே எதிரெதிராக இரு டையோடுகளும் வைத்தாள். இழுப்பறையில் இருந்தவை 1என்4148. மூடியைத் திறந்து சோதித்தபோது 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்று திரையில் ஆடியது. காகா விளக்கை அணைத்தார், அலை மறைந்தது. கண்ணாடி உறைக்குள் இருக்கும் அந்தச் சிறு டையோடும் ஒளியுணரியே, குழல்விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் வரும், கசிவு மிகக் குறைந்த பிஏவி199 அதன் இடத்தைப் பிடித்தது.

சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக அமைப்பாளர்களுக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுத அவளுக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. காரணத்தை மறைக்காமலே எழுதினாள்.

இப்போது லேசர் ஒருமணிநேரம் எரிந்து பத்து நிமிடம் அணைகிறது. அணைந்த நிமிடங்களில் கோடு நேராகவே கிடக்கிறது. எரியும்போது நள்ளிரவுக்குப் பின் இன்னும் சற்றே ஏறுகிறது, 3 அல்லது 4 மில்லிவோல்ட். துகள்கள் பருப்பதுதானா என்று பார்க்க, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் குழாயொன்றைக் காகா சுற்றிக்கொண்டிருக்கிறார்.