ஏழு மணி விருந்து

அயல்நாடு சென்று தொண்டாற்றித் திரும்புவோர் தம் பணியைப் பற்றி எழுதுவது வழக்கம். நான் எழுதப் புகுவதோ பணியில்லாத இரண்டு நாள்களைப் பற்றி. ஆயினும் அந்த ஓய்வுதான் என் பணிக்கு வழி திறந்தது என்பதைப் படித்து முடிக்கும்போது நீங்களே உணர்வீர்கள்.

தான்சானியா நாட்டைச் சேர்ந்த ஸான்ஸிபார் தீவில், பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஊதியமின்றி அறிவியல் கற்பிக்கச் சென்றிருந்தேன். மூன்று வாரங்கள் கடந்தும் ஒரு மாணவியேனும் எழுந்து ஐயம் கேட்டதில்லை. அவர்களின் தாய்மொழி சுவாஹிலி, பாடமோ ஆங்கிலத்தில். நான் சொன்னதையெல்லாம் பணிவுடன் எழுதிக்கொண்டார்கள். விளங்கிற்றா என்பதை மட்டும் என்னால் அறிய இயலவில்லை. அந்த மனச்சுமையுடன்தான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வெளியே புறப்பட்டேன்.

கடலோரத்து அடுப்புகள்

உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் என்னை ஃபொரோதானிப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். 'ஸ்டோன் டவுன்' எனப்படும் பழைய கல் நகரின் கடல் முகப்பில் அமைந்தது அப்பூங்கா. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகர் அது. மஃரிப் தொழுகை முடிந்ததும் பூங்காவெங்கும் விளக்குகள் எரிந்தன, அடுப்புகள் புகைந்தன.

கரும்பை இஞ்சியோடும் எலுமிச்சையோடும் சேர்த்துப் பிழிந்து தந்தார்கள். 'ஸான்ஸிபார் பீஸா' என்ற பெயரைக் கேட்டு இத்தாலியப் பண்டம் என எண்ணிவிடாதீர்கள். மெல்லிய மாவில் கொத்துக்கறி, முட்டை, வெங்காயம் வைத்து மடித்துக் கல்லில் சுடுகிறார்கள். நம் முர்தபாவின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். 'உரோஜோ' என்பது மாங்காய்ப் புளிப்புள்ள மஞ்சள் நிறச் சாறு. அதில் பஜியாவும் உருளைக்கிழங்கும் மரவள்ளிச் சீவலும் மிதக்கும். பேய்க்கணவாயைச் சுட்டு அடுக்கியிருந்தார்கள். இத்தீவினருள் பெரும்பாலோர் நம் கடற்கரை ஊரார் பலரைப் போலவே ஷாஃபி மத்ஹபினர். கடலுணவில் அவர்களுக்குத் தயக்கமில்லை.

பிரியும்போது அந்த ஆசிரியை, "நாளை எங்கள் வீட்டில் உங்களுக்கு விருந்து. 'ஸா ஸபா'வுக்கு வந்துவிடுங்கள்" என்றார். அரபியின் 'ஸப்ஆ'தானே 'ஸபா'? ஏழு மணி! பிறர் விளக்காமலே புரிந்துகொண்டதில் எனக்குச் சற்றுப் பெருமை.

சங்கிலியும் ஆமையும்

சனிக்கிழமை காலை, முன்னாளில் அடிமைச் சந்தை நடைபெற்ற இடத்துக்குச் சென்றேன். 1873இல் சுல்தான் பர்கஷ் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பின்னரே அச்சந்தை மூடப்பட்டது. இன்று அங்கே ஆங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிறது. அதனருகில் ஒரு குழிக்குள், கழுத்தில் சங்கிலியுடன் நிற்கும் மனிதர்களின் சிலைகள். ஸ்வீடன் நாட்டுச் சிற்பி கிளாரா சோர்னாஸ் 1998இல் வடித்தவை. அந்தக் கொடிய வணிகத்தை நடத்தியோரில் நம் மார்க்கத்தின் பெயரைத் தாங்கியவர்கள் இருந்தார்கள். அதற்குக் கடன் கொடுத்தோரில் நம் இந்திய நாட்டு வணிகர்களும் இருந்தார்கள். இதை மறைப்பது நேர்மையாகாது. கடல் கடந்து வந்து எடுத்துச் சென்றவர்களை இத்தீவு கண்டிருக்கிறது. நானோ கொடுக்க வந்தவள் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த எண்ணத்திலும் ஒரு செருக்கு ஒளிந்திருந்ததை அப்போது நான் அறியவில்லை.

பிற்பகலில் படகேறி, அரைமணி நேரத் தொலைவிலுள்ள சங்கூத் தீவை அடைந்தேன். 1893இல் சிறைக்கென்று கட்டடம் எழுப்பினார்கள். பின்னர் அது நோய் பரவாமல் பயணிகளைத் தடுத்து வைக்கும் இடமாகவே பயன்பட்டது. 1919இல் செய்ஷெல்ஸ் தீவுகளிலிருந்து அன்பளிப்பாக வந்த இராட்சத ஆமைகளின் குடும்பம் இன்று அங்கே ஆட்சி செலுத்துகிறது. அவற்றுக்குக் கீரை ஊட்டிப் பொழுதைக் கழித்துவிட்டு, பேரீச்சம்பழப் பொதி ஒன்றை வாங்கிக்கொண்டு, சரியாக மாலை ஏழு மணிக்கு ஆசிரியையின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் திகைத்து நின்றார். உள்ளே பாய் விரித்து, அதன்மேல் துணி விரித்து, மூடி வைத்த தட்டுகள். ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. சுவாஹிலி மக்கள் நாள் கணக்கைச் சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கே விடியும். ஆகவே நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. அவர்களது ஏழு மணி என்பது நமது பகல் ஒரு மணி! நம் முன்னோரும் உதயத்திலிருந்தே நாழிகை எண்ணினார்கள் என்பதை மறந்து நான் கைக்கடிகாரத்தை நம்பியிருந்தேன்.

குழந்தைகளுக்கு உணவு கொடுத்துவிட்டார்கள். ஆசிரியையின் தாயார் மட்டும் ஆறு மணி நேரமாக உண்ணாமல் காத்திருந்தார். பாட்டியை அங்கே 'பிபி' என்று அழைப்பார்கள். நான் நாணத்தால் தலைகுனிந்தேன். அவரோ "கரிபு, கரிபு" என்று வரவேற்று என் கையைப் பிடித்து அமர்த்தினார். "விருந்தாளி வந்துவிட்டாள், இனி மணி எதற்கு?" என்றாராம், மகள் மொழிபெயர்த்துச் சொன்னார். சீரகமும் கிராம்பும் ஏலமும் மணக்கும் புலாவை மீண்டும் சூடாக்கி, 'கச்சும்பரி' எனும் வெங்காயத் தக்காளிப் பச்சடியுடன் பரிமாறினார்கள். கதவோரத்தில் ஒரு சிறுமி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் வகுப்பில் பேசாமல் அமர்ந்திருக்கும் மாணவி! அந்த வீட்டுப் பேத்தி என்று அன்றுதான் அறிந்தேன்.

துருவுபலகைப் பாடம்

மறுநாள் குடும்பத்தோடு என்னையும் தெற்குக் கரைக்கு அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. இம்முறை நேரத்தை இருமுறை கேட்டுக்கொண்டேன். விடியற்காலையில் பிபி என்னைத் தேங்காய் துருவ அமர்த்தினார். நம் வீட்டுத் துருவுபலகையேதான். அதற்கு அங்கே பெயர் 'ம்பூஸி', அதாவது ஆடு! தேங்காய்ப் பாலில் சோறு வெந்துகொண்டிருக்க, பேத்தி எனக்கு ஆசிரியையானாள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'ரைஸ்' ஒன்றுதான். நமக்கோ நெல், அரிசி, சோறு. சுவாஹிலியிலும் அவ்வாறே மூன்று: ம்புங்கா, ம்செலே, வாலி. நான் மாற்றி மாற்றிச் சொன்னேன். அவள் உரக்கச் சிரித்துத் திருத்தினாள். மூன்று வாரங்களில் அவளது குரலை அன்றுதான் தெளிவாகக் கேட்டேன்.

வழியில் ஜொஸானிக் காடு. இத்தீவுக்கே உரிய செந்நிறக் கொலோபஸ் குரங்குகள் தலைக்குமேல் தாவின. இலைகளின் நச்சுத்தன்மையை முறிக்க அவை அடுப்புக்கரியைத் தேடித் தின்னும் என்றார்கள். பின்னர் கிஸிம்காஸி பள்ளிவாசல். கட்டடம் பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டதாயினும், ஹிஜ்ரி 500, அதாவது கி.பி. 1107 எனக் காலம் பொறித்த கூஃபி எழுத்துக் கல்வெட்டு மிஹ்ராபை அணி செய்கிறது. அங்கே லுஹர் தொழுதுவிட்டு, மர நிழலில் தேங்காய்ச் சோறும் மீனும் உண்டோம்.

திங்கட்கிழமை வகுப்பில் வழக்கம்போல் "விளங்கிற்றா?" என்றேன். அந்தப் பேத்தி எழுந்தாள். "இல்லை, டீச்சர். மீண்டும் சொல்லுங்கள்" என்றாள். அவளைத் தொடர்ந்து இன்னும் இருவர் கை உயர்த்தினார்கள். மணியையும் சோற்றின் பெயரையும் தவறாகச் சொல்லித் திருத்தப்பட்ட ஆசிரியையிடம் தவறாகக் கேட்பதற்கு அவர்களுக்கு அச்சமில்லாது போயிற்று. அல்ஹம்துலில்லாஹ்!

அன்புச் சகோதர சகோதரிகளே! தொண்டு செய்யச் செல்வோர் கொடுக்க மட்டும் கற்றிருந்தால் போதாது. பெற்றுக்கொள்ளவும் கற்க வேண்டும். உங்கள் ஊருக்கும் வெளியூர் ஆசிரியையோ செவிலியோ பணிக்கு வந்திருக்கக்கூடும். ஒரு விடுமுறை நாளில் அவரை வீட்டுக்கு அழையுங்கள். சமையலறை வரை அழையுங்கள். நேரத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்!