அவுட்ஸ்டாண்டிங்னா பாராட்டா, பாக்கியா?

பி.காம். முதல் வாரம். போர்டுல "அவுட்ஸ்டாண்டிங் சேலரி"ன்னு எழுதினதும் பின் பெஞ்சுல இருந்து ஒரு குரல்: "பிரமாதமான சம்பளமா சார்?" கிளாஸே சிரிச்சுது. ஆனா கேட்டவன் மேல தப்பே இல்லங்க. ஸ்கூல்ல டீச்சர் நோட்டு ஓரத்துல அவுட்ஸ்டாண்டிங்னு எழுதினா அது பாராட்டு. கணக்குல அதே வார்த்தை வந்தா, இன்னும் கொடுக்காம நிக்கிற பாக்கி.

தெரியாத வார்த்தையாவது பரவாயில்ல, அகராதியைப் புரட்டிடலாம். தெரிஞ்ச வார்த்தைங்க ரெண்டு கைகோத்துக்கிட்டு வந்து ஏமாத்தறதுதான் கொடுமை. ரைட் தெரியும், ஆஃப் தெரியும். ரைட் ஆஃப்னா? எழுதிட்டு லைட்டை அணைக்கிறதா? ஸ்லீப்பிங் பார்ட்னர்னா முதல் போட்டுட்டு நிர்வாகத்துல தலையிடாத கூட்டாளின்னு தெரியறதுக்குள்ள கிளாஸ்ல எத்தனை ஜோக்கு!

சிரிச்சுட்டுப் போயிடலாம்தான். ஆனா போன வருஷம் எங்க தெருவுல (நமக்கு ஆர்.கே.பேட்டை, திருத்தணி தாண்டி ஆந்திர எல்லை ஓரம்) தறி வெச்சிருக்கற மாமா ஒருத்தர், ஒரு வங்கி லெட்டரோட வீட்டுக்கு வந்தார். எந்த வங்கின்னு வேணாம். முழுக்க இங்கிலீஷ்.

"ரிட்டன் ஆஃப்னு போட்டிருக்குப்பா. டிவியில சொல்ற கடன் தள்ளுபடிதானே? இனிமே கட்ட வேணாம்ல?"

நியாயமான கேள்வி. 2021 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளோட 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி பண்றதா அறிவிச்சுது. அது நிஜமான தள்ளுபடி, இங்கிலீஷ்ல வேவர். ரைட் ஆஃப் வேற ஜாதி. வராதுன்னு தோணற கடனை வங்கி தன்னோட கணக்குப் புத்தகத்துல இருந்து எடுத்துடும், அவ்வளவுதான். வாங்கினவர் பேருல பாக்கி அப்படியே நிக்கும். 2023 ஜூன்ல ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளும் டெக்னிகல் ரைட் ஆஃபுக்கு இதே விளக்கத்தைத்தான் தருது: கணக்குக்காக மட்டும் எழுதறது, கடனாளி மேல இருக்கற உரிமையை விட்டுக்கொடுக்கறது கிடையாது. நம்ம செய்திகள்ல பல நேரம் ரெண்டுக்குமே "தள்ளுபடி"ன்னு ஒரே வார்த்தையைப் போட்டுடறாங்க. மாமா என்ன பண்ணுவார்?

கடைசி வரியில "வித்தவுட் ப்ரெஜுடிஸ்"னு வேற இருந்துது. ப்ரெஜுடிஸ்னா தப்பெண்ணம். அதனால "உங்க மேல எங்களுக்குத் தப்பெண்ணம் எதுவும் இல்ல"ன்னு யாரோ அவருக்கு விளக்கம் சொல்லியிருக்காங்க! சட்டக் கடிதத்துல அதுக்கு அர்த்தம், "பணத்தை வசூல் பண்ற எங்க உரிமைக்குப் பாதகம் இல்லாம."

"அப்போ வட்டி?"

"அதையும் கேப்பாங்க மாமா. நேர்ல போய், ஒரே தடவையில கட்டி முடிச்சா எவ்வளவு குறைப்பீங்கன்னு கேளுங்க. பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க."

மாமா பேசாம லெட்டரை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். அந்த முகத்தை எழுதத் தெரியல.

எனக்கு இது எந்த இங்கிலீஷ் புத்தகத்துலயும் கிடைச்சது இல்ல. ஸ்கூல்ல தமிழ் மீடியத்துல படிச்ச கணக்குப்பதிவியல்ல இருந்து வந்தது. பேட் டெட்ஸுக்கு "வாராக்கடன்", ரைட் ஆஃபுக்குப் "போக்கெழுதுதல்". போக்கெழுதின கடன் பின்னாடி வசூலானா அதுக்குன்னு தனிப் பதிவே போடச் சொல்லிக் கொடுப்பாங்க. போக்கெழுதினா கடன் ஒழிஞ்சிடாதுன்னு அந்த ஒரு பதிவே சொல்லிடுதே!

அதனால எந்தப் புத்தகம் வாங்கலாம்னு கேக்கற ஜூனியர்ஸுக்கு நான் சொல்றது: முதல்ல காசு செலவு பண்ணாதீங்க. அரசுப் பாடப்புத்தகம் தமிழ், இங்கிலீஷ் ரெண்டு மீடியத்துலயும் இருக்கு, நெட்ல இலவசம். ஒரே பாடத்தைப் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் படிங்க. பஸ் ஸ்டாண்டுல விக்கற முப்பது நாள் புத்தகங்கள் வாயைத் திறக்க உதவும், லெட்டர் படிக்க உதவாது. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்துக்குக் கெட்டி. ஆனா அதை முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் படிச்சு இங்கிலீஷ் கத்துக்கிட்டவரை நான் இன்னும் சந்திக்கல.

வாங்கத்தான் வேணும்னா, நம்மள மாதிரி வேற தாய்மொழிக்காரங்களுக்குன்னே எழுதின அகராதி ஒண்ணு வாங்குங்க. இந்த யோசனையில நம்ம துணைக்கண்டத்துக்கும் பங்கு உண்டு. டாக்காவுல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில முதல்வரா இருந்து, வங்காளப் பசங்க இங்கிலீஷ் படிக்கப் படற பாட்டைப் பார்த்தவர் மைக்கேல் வெஸ்ட். 1935-ல எண்டிகாட்டோட சேர்ந்து வெளியிட்ட அகராதியில எல்லா விளக்கத்தையும் வெறும் 1,490 வார்த்தைக்குள்ளயே எழுதி முடிச்சார். 1978-ல வந்த லாங்மேன் அகராதி சுமார் 2,000 வார்த்தையை வெச்சு அதையே பண்ணுச்சு. விளக்கத்துக்கு விளக்கம் தேட வேணாம். ரைட் ஆஃப் மாதிரி ஜோடிகளும் உதாரண வாக்கியத்தோட தனியா இருக்கும். ஆன்லைன்லயும் பார்க்கலாம்.

இப்போ ஆடிட்டிங் பேப்பர்ல "டீமிங் அண்ட் லேடிங்"னு ஒண்ணு வந்து நிக்குது. ஒருத்தர் கட்டின பணத்தை அமுக்கிட்டு, அடுத்தவர் கட்டறதை வெச்சு அந்த ஓட்டையை அடைக்கற வேலை. சீட்டுப் பணத்துல இந்த வேலையைப் பார்த்தவங்க நம்ம பக்கம் நிறைய பேர் இருப்பாங்க. அதுக்கு ஊர்ல ஒரு பேரு இருக்கணுமே? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.