ஏழு வெள்ளை வளையங்கள்

இரண்டு கோடைகளுக்கு முன் ஜெர்மனி நாட்டில், கஸல் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில் ஆறு வாரம் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவ்வூர்ப் பங்குக்குரு விடுமுறையில் செல்லும் காலத்தில் அவருடைய அலுவல்களைக் கவனித்துக்கொள்ள அழைக்கப்பட்டிருந்தோம். நம் நாட்டுக் குருக்கள் பலர் இவ்விதம் சென்றுவருவது வாசகர் அறிந்ததே. அங்கே நாம் ஆற்றிய மறையுரைகள் எவருடைய நினைவிலாவது தங்கியிருக்குமா என்பது ஐயமே. நமது ஜெர்மன் மொழி அத்தகையது. ஆனால் அந்த ஆறு வாரத்தில் நம் கைகள் செய்து முடித்த பொருளொன்று அவ்வூரில் ஒரு வீட்டு அலமாரியில் நிற்கிறது. அது ஒரு போர் டாங்கி. நீளம் 24 சென்டிமீட்டர்.

குருவானவர் ஒருவருக்கு டாங்கியோடு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நாமும் அவ்வாறே கேட்டுக்கொண்டோம்.

நோயுற்றோர் பட்டியலில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அஞ்சலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நடுக்குவாதம் அவருடைய இரு கைகளையும் பற்றியிருந்தது. நற்கருணை வழங்கிய பின் அவர் தம் பின்னறையைக் காட்டினார். சுவர் நிறைய கண்ணாடி அலமாரிகள்; அவற்றுள் நாற்பது ஆண்டுகளாக அவர் தம் கையால் இணைத்து வண்ணந்தீட்டிய மாதிரிகள்: நீராவி இரயில் எஞ்சின்கள், தபால் வண்டிகள், மீன்பிடிப் படகுகள். போர்க் கருவி ஒன்றுகூட இல்லை. மேசைமீது மட்டும், பிரிக்கப்படாத அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் புலி எனப் பொருள்படும் 'டைகர்' டாங்கியின் படம்.

“ஹெர் ஃபாரர், இதை மிகவும் தாமதமாக வாங்கிவிட்டேன். என் கை இனி இதற்கு உதவாது” என்றார். பங்குக்குருவை அவ்வூரார் விளிக்கும் முறை அது. நாம் குருமடத்தில் இருந்த நாளில் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் நம்மிடமே விடப்பட்டது என்பதை, ஆறுதலாக ஏதேனும் சொல்ல எண்ணி, வாய்தவறிச் சொல்லிவிட்டோம். அவர் நம் கைகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் மாலை நான்கு மணிக்கு வரச் சொன்னார்.

இத்தகைய மாதிரிகளில் பெரும்பாலானவை 1:35 என்னும் அளவில் அமைந்தவை. இவ்வளவு விந்தையான விகிதம் ஏன் என்று கேட்டோம். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய டாமியா நிறுவனம் 'பாந்தர்' என்னும் ஜெர்மானிய டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மின்கலங்களும் சிறு மோட்டாரும் அடங்கும்படி உடலை அமைத்தது; அந்த உடலை அளந்தபோது வந்த விகிதமே நிலைத்துவிட்டதாம். உலகமெங்கும் இலட்சக்கணக்கானோர் பின்பற்றும் ஓர் அளவுகோல் மின்கலத்தின் பருமனால் தீர்மானிக்கப்பட்டது என்பது நமக்கு வேடிக்கையாயிருந்தது. இந்த அளவில் ஒரு மனிதனின் உயரம் 5 சென்டிமீட்டர். உண்மை டாங்கியின் முன்புறத்தைக் காத்த 100 மில்லிமீட்டர் எஃகு, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்.

முதல் வாரம் முழுவதும் சக்கரங்களிலேயே கழிந்தது. அந்த டாங்கிக்குப் பக்கத்திற்கு எட்டு அச்சுகள். அச்சுக்கு மூன்று சக்கரங்கள். ஆக இருபுறமும் 48. 57 டன் எடையைத் தாங்கும்பொருட்டு அவற்றை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு, மீன் செதில்போல அடுக்கியிருந்தனர். பார்வைக்கு அழகான ஏற்பாடுதான். ஆனால் உட்சக்கரம் ஒன்று பழுதுபட்டால் அதை எடுக்க வெளிச்சக்கரங்கள் பலவற்றைக் கழற்றவேண்டும். ருஷ்ய நாட்டுக் குளிரிலோ சக்கரங்களுக்கிடையே புகுந்த சேறு இரவில் உறைந்து, விடியலில் வண்டியை அசையவிடாமல் செய்தது. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு சக்கரத்தையும் வெட்டியெடுத்து, தழும்பை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, விளிம்பிலுள்ள இரப்பர்ப் பகுதிக்குத் தனி வண்ணம் பூசவேண்டும். பத்தாவது சக்கரத்தில் நம் பொறுமை தளர்ந்தது. உள்ளே மறையப்போகும் சக்கரங்களுக்கு இத்தனை தேய்ப்பு எதற்கு என்றோம். பெரியவர் பதில் சொல்லாமல் உப்புத்தாளை நம் பக்கம் நகர்த்தினார்.

அடுத்து சங்கிலிப் பட்டைகள். பக்கத்திற்கு 96 கண்ணிகள். இரண்டாம் மாலையில் கண்ணியொன்று கம்பளத்தில் விழுந்து மறைய, எண்பது வயதுப் பெரியவரும் நாமும் முழந்தாளிட்டு அரைமணி நேரம் தேடினோம். அந்நேரம் பார்த்து உள்ளே வந்த அண்டை வீட்டு அம்மையார் நாங்கள் செபிக்கிறோம் என்று எண்ணி, ஓசையின்றிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நாமும் அதைத் திருத்தவில்லை. உண்மையில் பங்கு இல்லத்தில் “நோயாளரைச் சந்திக்கச் செல்கிறோம்” என்று மட்டுமே சொல்லிவந்தோம். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று. போர்க் கருவியொன்றைப் பளபளக்கச் செய்வது குருவுக்கு அடுக்குமா என்னும் முள் உள்ளே குத்திக்கொண்டேயிருந்தது.

இரண்டாம் வாரத்தில்தான், ஏன் இந்த டாங்கி என்று கேட்கும் துணிவு வந்தது. அவர் மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு நிழற்படத்தை எடுத்து வைத்தார். டைகர் டாங்கியொன்றின் முன் கறுப்புச் சீருடையில் ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்புறம் பென்சிலால் '1944 மே' என்று மட்டும் எழுதியுள்ளது. அவர் அந்த டாங்கியின் ஓட்டுநர், பெரியவரின் தந்தை. அந்தக் கோடையிலேயே கிழக்குப் போர்முனையில் மாண்டார். 1944 சனவரியில் பிறந்த மகனை அவர் பார்த்ததேயில்லை.

இத்தொடர்பு இன்னும் ஆழமானது. டைகர் டாங்கிகள் அனைத்தும் கஸல் நகரின் ஹென்ஷெல் ஆலையில் உருவானவை. 1942 முதல் 1944 வரை 1,300-க்கும் மேற்பட்டவை அங்கிருந்து வெளிவந்தன. அவ்வேலையில் பிற நாடுகளிலிருந்து வலிந்து கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கானோரும் ஈடுபடுத்தப்பட்டனர். 1943 அக்டோபர் 22-ஆம் நாள் இரவு ஆங்கிலேய விமானங்கள் அந்நகர்மீது குண்டு பொழிந்தன. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் ஒரே இரவில் மடிந்தனர். அந்த இரவில் நம் பெரியவர் ஆறுமாதக் கருவாகத் தாயின் வயிற்றில், நகரத்து நிலவறையொன்றில் இருந்தார். தாய் தப்பி இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். தந்தை ஓட்டிய டாங்கி பிறந்த ஊரே, தாய் உயிர்தப்பிய தீயும் எரிந்த ஊர்.

படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கப் பழகினோம். தெரிந்த சக்கரங்களின் விளிம்பில் இரப்பர் இருந்தது. ஆகவே 1944 பிப்ரவரிக்குப் பின் வந்த, முழுதும் எஃகாலான சக்கர வகை அன்று. உடலின்மேல் உழுத வயல்போல வரிவரியான பூச்சு. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெடிகளைத் தடுக்க, 1943 பிற்பகுதி முதல் ஓராண்டுக்காலம் ஜெர்மானியர் தம் டாங்கிகளுக்குப் பூசிய 'சிம்மரிட்' என்னும் சாந்து அது. பேரியம் சல்பேட்டு, மஞ்சள் காவி, மரத்தூள் முதலியவற்றைப் பசையோடு குழைத்து ஆலையிலேயே பூசினர். எதிரிகளோ அத்தகைய வெடியைப் பெரிதாகப் பயன்படுத்தவேயில்லை. ஆயினும் இன்று மாதிரி செய்வோர் அந்த வரிகளுக்காகவே உயிரை விடுகின்றனர். இரு களிம்புகளைப் பிசைந்தால் இறுகும் பட்டியை மெல்லிய படலமாக உடலின்மேல் பரப்பி, இறுகுவதற்குள் பல்போன்ற முனையுள்ள தகட்டால் கீறினோம். மூன்று முறை சுரண்டியெடுத்து மறுபடி பூச நேர்ந்தது. நான்காம் முறை பெரியவர் “இது என் தந்தையின் வண்டியைப் போலிருக்கிறது” என்றார். நம் முதுகுவலி அந்தக் கணத்தில் பறந்தது.

இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில், 1943 ஏப்ரலில் துனீசியாவில் கைப்பற்றப்பட்ட டைகர் ஒன்று இன்றும் ஓடும் நிலையில் பேணப்படுகிறது. பெரியவர் ஒருமுறை அங்குச் சென்று அதன் எஞ்சின் உறுமக் கேட்டிருக்கிறார். கூட்டம் முழுவதும் பீரங்கியைப் படம்பிடிக்க, தாம் மட்டும் முன்னே இடப்புறத்து வட்டமூடியையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஓட்டுநர் இறங்கும் வழி அது. நம் மாதிரியில் அந்த மூடியைத் திறந்தே ஒட்டினோம்.

நான்காம் வாரம் வண்ணம். அடர்மஞ்சளை அடிப்படையாகத் தெளித்து, அதன்மேல் பச்சையும் செம்பழுப்பும் திட்டுத் திட்டாகப் படரவிட்டோம். பின்னர் நெய்வண்ணத்தை நீர்த்து வரிகளின் பள்ளங்களில் ஓடவிட்டால் நிழல் விழுந்ததுபோலத் தோன்றும். புகைபோக்கிக்குத் துரு, அடிப்பகுதிக்குப் பொடித்த மண்ணிறம். புதிதாகச் செய்த பொருளைப் பழையதாக்குவதற்கே பாதி உழைப்பு செலவாகும் தொழில் இது.

அடையாளச் சின்னங்களை நீரில் நனைத்து ஒட்டவேண்டும். ஹிட்லர் கட்சியின் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மானியச் சட்டம் தண்டிக்கிறது. இந்தப் பெட்டியில் அது இல்லை. டாங்கியின் பக்கங்களில் இருந்ததும் அதுவன்று, கறுப்பு வெள்ளைச் சிலுவைதான். குழந்தைகளின் நெற்றியிலும் இறந்தோரின் நெற்றியிலும் எத்தனையோ சிலுவை வரைந்த இதே விரலால் அதைத் தகட்டின்மேல் அழுத்தியபோது, நமக்கு நாவில் ஒரு கசப்பு எழுந்தது. அன்று வழக்கத்தினும் முன்னதாகவே விடைபெற்றுக்கொண்டோம்.

எஞ்சியது பீரங்கிக் குழல் ஒன்றே. படத்தில் குழலின் நுனியை ஒட்டி வெள்ளை வளையங்கள் ஏழு தெரிகின்றன. அழித்த எதிரி டாங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம் தீட்டுவது அக்காலப் படையினர் பலரின் வழக்கம். நாம் அவரிடம், இவ்வளையங்களை விட்டுவிடுவோமே என்றோம். ஓட்டுநர் சுட்டவரல்லரே, மகன் செய்யும் நினைவுச் சின்னத்தில் கொலைக் கணக்கு எதற்கு, படத்தைப் பார்த்தவர் நாம் இருவர்தாமே. இவையெல்லாம் குருவுக்குரிய நல்ல சொற்கள் என்றே அப்போது எண்ணினோம்.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து பழைய படச்சட்டமொன்றைக் கொண்டுவந்தார். உள்ளே முட்டைவடிவில் துளையிட்ட அட்டை. அவருடைய தாயார் அந்த அட்டையை வைத்தே படத்தைச் சட்டமிட்டிருந்தார். இளைஞரின் முகமும் தோளும் மட்டுமே தெரியும். அன்னை இறந்தபின் சட்டத்தைத் துடைக்கக் கழற்றியபோதுதான், ஐம்பது வயதைத் தாண்டிய மகன் முதன்முறையாகக் குழலையும் வளையங்களையும் கண்டார்.

“என் தாய் நல்லெண்ணத்தோடுதான் மறைத்தார்” என்றார். “ஆனால் அரை நூற்றாண்டு நான் ஓர் அட்டையின் துளைவழியே என் தந்தையைப் பார்த்தேன். ஏழு வளையம், ஹெர் ஃபாரர். அக்காலத்து ருஷ்ய டாங்கியில் நால்வர் இருப்பர். அவர்களுக்கும் என் வயதில் பிள்ளைகள் இருந்திருக்கலாம். அவர்களையும் நீங்கள் அட்டைக்கு அடியில் வைக்கச் சொல்கிறீர்களா?”

நமக்கு மறுமொழி எழவில்லை. கத்திரித்த ஒட்டுநாடாக்களை நாமே எடுத்து, வளையம் நேராக விழும்படி குழலில் சுற்றத் தொடங்கினோம். அவர் தடுத்தார். நாடா வேண்டாம், இதை மட்டும் தாமே செய்வதாகச் சொன்னார்.

குழலின் அடியில் குண்டூசி செருகி நாம் பிடித்துக்கொண்டோம். அவர் மிக மெல்லிய தூரிகையை வெள்ளை வண்ணத்தில் தோய்த்து, நடுங்கும் வலக்கையை இடக்கையால் தாங்கி, நுனியைக் குழலில் வைத்தார். நாம் மெதுவாகக் குழலைச் சுழற்றினோம். முதல் வளையம் கோணலாக விழுந்தது. இரண்டாவது ஓரிடத்தில் தடித்தது. நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. துடைக்கத் துணியை எடுத்தோம்; தலையசைத்து மறுத்துவிட்டார். ஏழாவது முடிய முக்கால் மணி ஆயிற்று.

அது எனாமல் வண்ணம், உடனே உலராது. கீழே வைத்தால் அழிந்துவிடும். ஆகவே இருட்டும்வரை, அவருடைய கை ஓய்ந்தபோது நாமும் நம் கை ஓய்ந்தபோது அவருமாக, அந்தச் சிறு குழலை மாறிமாறிப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தோம்.