மற்றவை நேரில்

எழுத்தாளர்களின் கடிதத் தொகுப்பு ஒன்றைக் கையில் எடுத்தால் நாம் அதில் இலக்கியத்தைத் தேடுகிறோம். காய்ச்சல் வந்தது, வாடகை ஏறியது, மழையைக் காணோம் என்னும் வரிகளை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். எங்களுக்கோ அவ்வரிகளில்தான் கண் நிற்கிறது. கு. அழகிரிசாமி தம் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்திருப்பதை வாசகர்கள் அறிவர். இருவரும் கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் இடைசெவல்காரர்கள். இருவருக்கும் சங்கீதப் பித்து. ஒருவர் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கும் பிறகு மலேயாவுக்கும் போக, மற்றவர் அந்நாளில் கரிசல்காட்டிலேயே இருந்தார். அழகிரிசாமி 1970இல் காலமானார், கி.ரா. 2021 வரை இருந்தார். நூலில் நமக்குக் கேட்பது ஒரு குரல் மட்டுமே. அடுத்த அறையில் யாரோ தொலைபேசியில் சிரித்துப் பேசுவதைக் கேட்பதுபோல, எதிர்முனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வகை ஊகத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. நாங்கள் நால்வர், கோவில்பட்டிக்காரர்கள். 1984இல் படிப்பு முடிந்ததும் ஒருவர் பம்பாய்க்கும் ஒருவர் கோவைக்கும் ஒருவர் சென்னைக்கும் போனோம். ஒருவர் மட்டும் ஊரிலேயே தங்கித் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதினார். (தொழிற்சாலை என்று எங்கள் ஊரில் சொல்லுவதில்லை.) அதுவரை டீக்கடை பெஞ்சில் நடந்துவந்த அரட்டை, அதன்பின் உள்நாட்டுக் கடித உறைகளுக்குள் போயிற்று. பம்பாய்க்காரருக்கு ஊரிலிருந்து கடலைமிட்டாய் போகும். அங்குள்ள மழைக்கு அது நமத்து, இளகி, ஒரே பிண்டமாகப் போய்ச் சேரும். "ஓய், இதை நான் தின்பதா, சுவரில் பூசுவதா?" என்று பதில் வரும். சென்னைக்காரர் மீசையை எடுத்துவிட்ட செய்தி நான்கு ஊர்களுக்கிடையே இரண்டு மாதம் ஓடியது. தலைபோகிற காரியம் எதுவும் அதில் இல்லை. ஆனால் கடிதம் நான்கு நாள் தாமதித்தால் தபால்காரரை வழிமறித்து விசாரித்தோம்.

தலைபோகிற காரியங்களுக்கு அந்நாளில் தந்தி இருந்தது. தந்திச் சேவகர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினாலே, பிரித்துப் படிப்பதற்கு முன்பே, எங்கள் தெருவில் அழுகை தொடங்கிவிடும். 2013 ஜூலையில் அச்சேவை நிறுத்தப்பட்டபோது பலரும் வருந்தி எழுதினார்கள், நாங்கள் வருந்தவில்லை.

தந்திக்கும் அரட்டைக்கும் நடுவே ஒரு வகைச் செய்தி உண்டு. தங்கைக்கு வந்த வரன் தட்டிப்போயிற்று, அப்பாவுக்குக் கால்விரலை எடுக்க வேண்டுமாம் என்பவை. இவற்றுக்கு எங்கள் கடிதங்களில் ஓர் இடம் இருந்தது. மூன்று பக்கம் கேலி பேசி முடித்த பிறகு, உறையை ஒட்டுவதற்காக மடிக்கும் அந்தக் குறுகிய ஓரத்தில், காகிதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பொடி எழுத்தில் எழுதியிருக்கும். பசை அதிகமானால் கிழிக்கும்போது அதில் பாதி போய்விடும். அதனால் பிளேடு வைத்துத் திறக்கப் பழகினோம். முதலில் ஓரத்தைப் படித்துவிட்டுத்தான் மேலே உள்ள "நலம், நலமறிய ஆவல்" என்பதற்குப் போவோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவைக்காரரிடமிருந்து மூவருக்கும் ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. "அன்புள்ள நண்பருக்கு" என்று தொடங்கி, "தாங்களும் தங்கள் குடும்பத்தாரும்" என்று வளர்ந்து, "மற்றவை நேரில்" என்று முடிந்திருந்தது. எழுத்து திருத்தமாக இருந்தது. ஓரம் வெறுமையாக இருந்தது.

பத்து ஆண்டுகளாக "வே" என்றும் "ஓய்" என்றும் எழுதிக்கொண்டிருந்தவர் "தாங்கள்" என்று எழுதுகிறார் என்றால் அது மரியாதையன்று. தீப்பெட்டி ஆபீஸ்காரர் யாரையும் கலக்காமல் அன்றிரவே மதுரைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து கோவைக்குப் போனார். போனவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி: "என்னவே, தாங்கள்னு எழுதியிருக்கீரு, எம்பேர்ல கேஸ் ஏதும் போட்டிருக்கீரா?" கோவைக்காரர் சிரிக்கப் பார்த்தார். முடியாமல் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அவர் வேலை பார்த்த பஞ்சாலை மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. மனைவியின் நகை அடகில் இருந்தது. எங்களிடம் கடன் கேட்பதற்காகத்தான் அக்கடிதங்களை எழுதத் தொடங்கியிருக்கிறார். கேட்கும் வரி வரவில்லை. மரியாதை மட்டும் வந்துவிட்டது. கடன் கேட்கப் போகிறவன் முதலில் நட்பின் ஒருமையைத்தான் விட்டுக்கொடுக்கிறான் என்பதை நாங்கள் எந்தக் கதையிலும் படித்ததில்லை.

பணம் சேர்ந்தது. திருப்பூரில் கழிவு பனியன் துணியை மூட்டையாக வாங்கி, எண்ணெய் துடைப்பதற்குப் பட்டறைகளுக்குப் போடும் வியாபாரம் அவருக்குக் கைகொடுத்தது. மூன்றாண்டில் கடனை மணியார்டராகத் திருப்பினார். மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுதத் துண்டாக ஓர் இடம் அந்நாளில் இருந்ததே, அதில் எழுதியிருந்தார்: "வட்டி கிடையாது. வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போம்." அத்துண்டைப் பம்பாய்க்காரர் இன்னும் வைத்திருக்கிறார்.

வெட்டிப் பேச்சு என்று எங்கள் வீடுகளில் இதற்குப் பெயர். இருக்கலாம். ஆனால் கடிதங்களைத் தொகுப்பவர்கள் கத்தரிக்காய் விலையையும் கேலியையும் வெட்டிவிட்டுக் கருத்துகளை மட்டும் அச்சிடும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. எழுதியவர் அன்று எந்த நிலையில் இருந்தார் என்பதை வெட்டிய பகுதிதான் சொல்லியிருக்கும்.

இப்போது எங்களுக்கு அறுபது கடந்துவிட்டது. ஞாயிறு காலையில் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். சர்க்கரை அளவு, முழங்கால், பேரனின் பள்ளிக் கட்டணம். சென்னைக்காரர் மனைவியை இழந்து தனியே இருக்கிறார். தாம் வைத்த ரசத்தைப் பற்றி அவர் வாரந்தோறும் புகார் சொல்லுகிறார். புகார் சொல்லாத வாரம் யாராவது ஒருவர் மறுபடியும் கூப்பிடுவோம்.

சென்ற மாதம் அவருக்குக் கண்ணில் புரை நீக்கினார்கள். கட்டுப் பிரித்ததும் முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் நால்வரும் கூடினோம். "இப்பவாவது நாங்கல்லாம் கிழவனாயிட்டோம்னு தெரியுதாவே?" என்று கேட்டார் ஊர்க்காரர்.

"முன்னமே தெரிஞ்சதுதாம்வே. மரியாதைக்குச் சொல்லலை" என்றார் அவர்.