ரோம் போறீங்களா? டிக்கெட் வாங்கினா மட்டும் போதாது!

ரோம் நகரின் ஃபியூமிசினோ விமான நிலையத்தில் பெட்டியோடு வெளியே வந்ததுமே, 'டாக்ஸி... டாக்ஸி...' என்று சிலர் சூழ்ந்துகொள்வார்கள். நிற்காமல் நடையைக் கட்டுங்கள். முறையான டாக்ஸிகள் வெள்ளை நிறத்தில் வெளியே வரிசையாக நிற்கும். பழைய ஆரேலியன் மதிலுக்குள் எங்கே போனாலும் ஒரே கட்டணம்; அதுவும் ஆளுக்கல்ல, வண்டிக்கு.

ஓரிருவர் என்றால் ரயில்தான் மலிவு. லியோனார்டோ எக்ஸ்பிரஸில் 14 யூரோ. 32 நிமிடத்தில் டெர்மினி நிலையம். நான்கு பெரியவர்கள் போனால் டாக்ஸிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எஃப்.எல்.1 என்ற சாதாரண ரயிலில் 8 யூரோதான். ஆனால், அது டெர்மினி பக்கமே போகாது. ட்ராஸ்தேவரே பகுதியில் ரூம் போட்டவர்களுக்கு அதுவே வசதி.

பலரும் மாட்டிக்கொள்வது இனிமேல்தான். காகித டிக்கெட் வாங்கினால், ரயில் ஏறும் முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன மெஷினில் செருகி, தேதி, நேரம் பதிக்க வேண்டும். மறந்தால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்! 'ஊருக்குப் புதுசு' என்ற சமாளிப்பெல்லாம் பரிசோதகரிடம் எடுபடாது.

ஊருக்குள் சுற்ற 1.50 யூரோ டிக்கெட், 100 நிமிடம் செல்லும். பஸ் எத்தனை மாறினாலும் சரி, மெட்ரோவில் ஒருமுறைதான். பஸ்ஸில் அந்த மெஷின் உள்ளேயே இருக்கும். ஏறியதும் முதல் வேலை அதுதான், சீட் பிடிப்பது அப்புறம்.